டேம்பிங் ஷீட் ஒட்ட ரோலர்: இரும்பா, ரப்பரா, எத்தனை அகலம்?

வைகைக்கரை (அண்ணா நகர், மதுரை):
வணக்கம். ஹேட்ச்பேக் வண்டி. தகடு அதிர்ற சத்தத்தை அடக்க, நாலு கதவுக்கும் டிக்கிக்கும் 2 மி.மீ. பியூட்டைல் ஷீட் (பிசுபிசுன்னு ஒட்டுற ரப்பர் டேம்பிங் ஷீட்) வாங்கியாச்சு. மேலே அலுமினிய ஃபாயில், அதில் டைமண்ட் அச்சு. நானே ஒட்டுறதா இருக்கேன். ரோலரில்தான் குழப்பம். கடையில் மூணு காட்டினாங்க: மரப்பிடி போட்ட 60 மி.மீ. இரும்பு ரோலர், அதே மாதிரி 30 மி.மீ., அப்புறம் வால்பேப்பர் ஒட்டுற ரப்பர் ரோலர். பெருசா இருந்தா வேலை சீக்கிரம் முடியும்னு 60-ஐ எடுக்கலாமா? சப்பாத்திக் கட்டையே போதும்னு ஒருத்தர் சொல்றார், நிஜமா? சூடான காத்து ஊதுற ஹீட் கன் வேணுமா?

தகரக்காரன் (திருமங்கலம்):
ஒண்ணுதான் வாங்குவீங்கன்னா 30. காரணம் ரெண்டு.

கதவின் உள்பக்க மூடியான டோர் பேடைக் கழட்டினா உள் தகட்டில் இருக்கிற ஓட்டை வழியாத்தான் வெளித்தகட்டைத் தொட முடியும். அதுக்குள்ள கையும் ரோலரும் சேர்ந்து நுழையணும், பின்னாடி குறுக்கே போற, மோதலைத் தாங்குற இரும்புக் கம்பியான இம்பேக்ட் பீமைத் தாண்டித் திரும்பணும். 60 அங்கே முட்டி நிக்கும். ரெண்டாவது, அழுத்தம். கை கொடுக்கிற பலம் ஒண்ணுதான்; அகலம் பாதியானா அதே பலம் பாதி இடத்தில் விழுது, அழுத்தம் ரெட்டிப்பாகுது. பியூட்டைலுக்கு வேண்டியது அந்த அழுத்தம்தான். தகடு அதிரும்போது தகட்டுக்கும் ஃபாயிலுக்கும் நடுவில் பியூட்டைல் இழுபடுது; அந்த இழுப்பில்தான் அதிர்வு சூடா மாறி அடங்குது. நடுவில் காத்து நின்னா அந்த இடத்தில் ஷீட் சும்மா தொங்குற பாரம்தான்.

ஃபாயிலில் இருக்கிற டைமண்ட் அச்சு அழகுக்கு இல்லை, அதுதான் உங்களுக்கு அளவுகோல். உருட்டினதும் அச்சு மழுங்கி, ஃபாயில் வழவழன்னு ஆகணும். டார்ச்சைப் பக்கவாட்டில் அடிச்சுப் பாருங்க: இன்னும் புடைச்சு மினுக்குற இடமெல்லாம் ரோலர் படாத இடம்.

சப்பாத்திக் கட்டை மேட்டில் உட்காரும், பள்ளத்தைத் தொடாது. வீட்டில் திட்டு வாங்குறது தனிக் கணக்கு.

கடையில் பார்க்க வேண்டியது: விரலால் சுண்டி விடுங்க, தடையில்லாம நாலு சுத்தாவது சுத்தணும். பேரிங் இல்லாம வெறும் ஆணியில் சுத்துற ரோலர் அழுத்தம் கூடினதும் நின்னுடும். அப்புறம் உருளாது, ஃபாயிலை இழுத்துச் சுருக்கும். இடவலமா ஆட்டிப் பாருங்க, தடதடன்னா வேண்டாம். ரோலர் ஓரத்தில் நகத்தை ஓட்டுங்க. கூர்மையா இருந்தா ஃபாயிலில் கோடு கிழிக்கும். எமரி பேப்பரை வெச்சு ஓரத்தை மழுக்கிக்கலாம், பத்து நிமிஷ வேலை. பிளாஸ்டிக் ரோலர் நம்ம அழுத்தத்துக்கு வளையும், விடுங்க.

ஒத்தக்கடை ஆடியோ:
அண்ணே சொன்னது கதவுக்கு சரி. ஆனா டிக்கித் தரையில் 30-ஐ வெச்சு உருட்டினா மணிக்கட்டு போயிடும். அகலமான ரோலர் அந்த மாதிரி சமதளத்துக்கு உதவும். விலை பெருசா இல்லை, ரெண்டையும் வாங்கிடுறது நல்லது. ரப்பர் ரோலரையும் ஒதுக்க வேண்டாம்: பியூட்டைலுக்கு மேல் ஃபோம் ஒட்டுறதா இருந்தா அதுக்கு அதுதான். ஃபோமில் இரும்பை அழுத்தி ஓட்டினா உள்ளே இருக்கிற சின்னக் காத்தறைகள் நசுங்கி மெலிஞ்சு போகும்.

ஹீட் கன் பியூட்டைலுக்கு நம்ம ஊரில் வேண்டியதில்லை. தார் ஷீட் ஒட்டுறவங்களுக்குத்தான் அது வேணும், அந்த ஷீட்டே நம்ம வெயிலுக்கு ஆகாது, நாறும். இங்கே பிரச்சினை தலைகீழ். மத்தியான வெயிலில் நின்ன வண்டியில் ஒட்டினா பியூட்டைல் களியா இளகி, ரோலர் தள்ளும்போது ஃபாயில் நகர்ந்து மடிப்பு விழும். பின்பேப்பரும் உரிக்கும்போது ஒட்டிக்கிட்டுக் கிழியும். காலை 10 மணிக்குள்ள, நிழலில் முடிங்க. இளகிப் போன ஷீட்டைக் கால் மணி நேரம் ஃபிரிட்ஜில் வெச்சா பேப்பர் சுத்தமா உரியும்.

ஒட்டுறதுக்கு முன்னாடி தகட்டை சோப்புத் தண்ணித் துணியால் துடைச்சு, காஞ்சதும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் இன்னொரு துடைப்பு. தின்னர் வேண்டாம், உள் பெயின்ட் இளகும். தூசி மேல் ஒட்டினா எந்த ரோலரும் காப்பாத்தாது.

வைகைக்கரை:
நன்றி அண்ணே. காத்துக் குமிழி வந்தா உரிச்சு மறுபடி ஒட்டணுமா? கதவு முழுக்க மூடணுமா? திருமங்கலம் நாலுவழிச் சாலையில் வர்ற டயர் சத்தம் குறையுமா?

தகரக்காரன்:
உரிக்காதீங்க, ஃபாயில் கிழிஞ்சுடும். குமிழியில் கட்டர் நுனியால் ஒரு குத்து, சுத்தியிருந்து அந்தத் துளையை நோக்கி உருட்டினா காத்து வெளியேறிடும். குமிழி வராம இருக்க, பெரிய ஷீட்டை ஒரே வீச்சில் போடாம ரெண்டு கையகலத் துண்டா வெட்டி, நடுவிலிருந்து ஓரத்துக்கு உருட்டுங்க. தகட்டில் மடிப்பு வர்ற இடத்தில் முதலில் பள்ளத்தை 30-இன் ஓரத்தால் அமுக்கி, அப்புறம் மேட்டுக்கு வாங்க. மேட்டை முதலில் ஒட்டினா பள்ளத்தில் ஃபாயில் பாலம் கட்டி நிக்கும்; அதுக்குள்ள ஈரம் சேர்ந்தா துரு.

முழுக்க வேண்டாம். பெரிய சமதளங்களின் நடுப்பகுதியில் கால்வாசிப் பரப்பு மூடினாலே அதிர்வு பெரும்பாலும் அடங்கும், மீதி ஷீட் பாரம்தான். 20 சதுர அடி ஒட்டினா வண்டியில் சுமார் 6 கிலோ ஏறுது. கதவின் அடியில் இருக்கிற வடிகால் ஓட்டையை மட்டும் மூடிடாதீங்க, கீழே ரெண்டு இஞ்ச் விடுங்க. ஐப்பசி மழையில் கதவுக்குள்ள இறங்குற தண்ணி அது வழியாத்தான் போகணும். கண்ணாடி முழுசா இறங்கினா ஷீட்டில் உரசுதான்னு பேடை மாட்டுறதுக்கு முன்னாடியே பாருங்க.

வெளித்தகடு மெல்லிசு. உள்ளே உருட்டும்போது இன்னொரு ஆள் வெளியே உள்ளங்கையை வெச்சுத் தாங்கணும், இல்லைன்னா பெயின்ட் பக்கம் புடைப்பு தெரியும். கையுறை கட்டாயம், வெட்டின ஃபாயில் ஓரம் பிளேடு.

ஒத்தக்கடை ஆடியோ:
டயர் சத்தத்துக்குக் கதவை மட்டும் ஒட்டிப் பெரிய பலன் இருக்காது தம்பி. கதவுக்கு ஒட்டினா மூடும்போது தகர டப்பா சத்தம் போய் ‘டம்’னு கேட்கும், ஸ்பீக்கர் பேஸ் இறுகும். டயர் இரைச்சல் தரை வழியாவும், சக்கரத்துக்கு மேல் வளையுற தகடான வீல் ஆர்ச் வழியாவும் வருது; டிக்கி ஷீட்டில் மிச்சப்படுத்தி பின் வீல் ஆர்ச் மேல் ஒட்டுங்க. அந்த வளைவில் 30 மட்டும்தான் போகும்.

இன்னொண்ணு: ஓரத்தில் பிதுங்குற பியூட்டைல் ரோலரில் சுத்திக்கும். மண்ணெண்ணெய்த் துணியால் துடைங்க, ஆனா அடுத்த துண்டுக்கு முன்னாடி காய்ந்த துணியால் மறுபடி துடைச்சுடுங்க. ரோலரில் இருக்கிற எண்ணெய் தகட்டில் பட்டா அந்த இடத்தில் ஷீட் பிடிக்காது.

வைகைக்கரை:
சரி, 30-உம் 60-உம் வாங்கிடுறேன். ஞாயிறு காலையில் இடது பின்கதவிலிருந்து ஆரம்பம்.