குசாட்சு வெந்நீரூற்று: ரியோகானில் தங்கத்தான் வேண்டுமா?

நெடுவழி:
ஜப்பானின் குன்மா மாகாணத்துக் குசாட்சுவுக்குப் போகிறவர்கள் ரியோகான் எனப்படும் மரபுவழி விடுதியில் ஓர் இரவாவது தங்கியே தீர வேண்டும் என்று பலரும் எழுதுகிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆளுக்கு இவ்வளவு என்று இரண்டு வேளை உணவையும் சேர்த்து வாங்குகிறார்கள். பிற்பகல் 3 மணிவாக்கில் உள்ளே போனால், மறுநாள் காலை 10 மணிக்கெல்லாம் வெளியேற வேண்டும். ஊரின் நடுவே ஆவி பறக்கும் ஊற்றுக்களமான யுபதாகேவை ஒட்டிய ஷிரஹத்தா பொதுக் குளியலறையில் ஒரு காசும் கொடுக்காமல் ஊற்றுநீரில் குளித்துவிட்டு மாலைப் பேருந்தைப் பிடிக்கலாமே.

வெண்பனி:
ஒரே தடவையில் முடித்துவிடும் குளியலாக எண்ணுவதால்தான் இப்படித் தோன்றுகிறது. குசாட்சு நீர் கடும் அமிலத்தன்மை கொண்டது. 50 பாகைக்கும் மேலான சூட்டில் ஊறி வருவதால், பச்சைத் தண்ணீர் கலந்து அதன் வீரியத்தைக் கெடுக்காமல், நீண்ட பலகைகளால் துழாவி ஆற்றும் யுமோமி வழக்கமே அங்கே வேரூன்றியது. அந்த நீரில் சில நிமிடம் இறங்கி, ஏறி, உடம்பு ஆறும்வரை படுத்திருந்து, மறுபடி இறங்க வேண்டும். முன்னாளில் நோயாளிகள் வாரக்கணக்கில் தங்கித் தோஜி என்னும் ஊற்றுநீர் மருத்துவம் செய்ததும் இப்படித்தான். யுகாதா என்னும் பருத்தி அங்கியை இடப்பக்கம் மேலாக வரும்படி சுற்றிக்கொண்டு தாதாமி பாய் மணக்கும் அறைக்குத் திரும்பிச் சாய்கிற அந்த ஓய்வு, ஈரத்தலையோடு பேருந்துக்கு நிற்பவருக்கு எங்கே கிடைக்கும்?

நெடுவழி:
ஓய்வை நான் மறுக்கவில்லை. ஆனால் நான் தங்கிய ஒரு விடுதியில், புலால் உண்பதில்லை என்று முன்பதிவின்போதே எழுதியிருந்தும், தோஃபு மிதந்த கிண்ணத்தின் மூடியைத் திறந்ததும் கருவாட்டு வாடை முகத்தில் அடித்தது. மீன்சீவலில் காய்ச்சிய தாஷி என்னும் சாறு. நீரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. 2004இல் நாகானோ மாகாணத்தின் ஷிராஹோனே வெந்நீரூற்றில் குளியல் பொடி கலந்து நீரை வெண்மையாக்கியது அம்பலமானதே.

கடலோடி:
அதையடுத்து 2005இல் வெந்நீரூற்றுகளுக்கான விதியைத் திருத்தினார்கள். தண்ணீர் சேர்க்கிறார்களா, சூடேற்றுகிறார்களா, அதே நீரைச் சுழற்றி விடுகிறார்களா, கிருமிநாசினி கலக்கிறார்களா என்பதை எழுதி ஒட்டியாக வேண்டும். உடைமாற்றும் அறைச் சுவரைப் பாருங்கள். உணவில்லாமல் சுதோமாரியாகப் பதிவு செய்யும் வசதியும் பல விடுதிகளில் உண்டு.

வெண்பனி:
உணவைப் பற்றி நெடுவழி சொல்வது நியாயம். சுதோமாரியே நல்ல வழி. ஆனால் விடியற்காலையில் ஆளில்லாத தொட்டியில் கழுத்தளவு அமிழ்ந்து, கந்தக மணத்தினூடே வானம் வெளுப்பதைப் பார்த்த நேரத்தை நான் எதற்காகவும் விட்டுத்தர மாட்டேன். ஷிரஹத்தாவில் அந்நேரத்துக்குக் குளிக்க விரும்பினாலும், முந்தைய இரவு குசாட்சுவிலேயே தங்கியிருக்க வேண்டுமல்லவா?