ஸ்னோபோர்டில் விழுந்து எழுந்த நம்ம ஊர்க்காரர்கள் இருந்தால் எழுதுங்கள்

கானாடுகாத்தான் தம்பி:

இரண்டு காலையும் ஒரே பலகையில் கட்டிக்கொண்டு பனிச்சரிவில் சறுக்குகிற பனிப்பலகை, அதாவது ஸ்னோபோர்டு, ஏறிய கதையை வீட்டில் சொன்னால் யாரும் முழுசாகக் கேட்பதில்லை. "கால் உடையலைல்ல, விடு" என்று முடித்துவிடுகிறார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன். செட்டிநாட்டுப் பக்கத்திலிருந்து ஸ்னோபோர்டு ஏறியவர்கள் வேறு யாராவது இருந்தால் நீங்களும் எழுதுங்கள். விழுந்ததை மட்டும் மறைக்க வேண்டாம், அதுதான் மற்றவர்களுக்கு உதவும்.

நான் போனது குல்மார்க், பிப்ரவரியில். காரைக்குடியில் விடிகாலைப் பல்லவன் ரயில் பிடித்து, சென்னையிலிருந்து விமானம் ஏறி ஸ்ரீநகர், அங்கிருந்து டாக்ஸி. குல்மார்க் ஊரே சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொண்டோலா என்கிற கேபிள் கார் இரண்டு கட்டமாக ஏறி, அஃபர்வட் மலையில் கிட்டத்தட்ட 4,000 மீட்டருக்குக் கொண்டுபோய் விடும். வீடியோவில் பறப்பதெல்லாம் அங்கேதான். கற்றுக்கொள்ளப் போகிறவனுக்கு அங்கே வேலையே இல்லை. கோடையில் கோல்ஃப் ஆடுகிற மைதானம் குளிர்காலத்தில் பனி மூடிக் கிடக்கும். அதில் ஒரு சின்ன மேடு, நம்ம கண்மாய்க் கரையைவிடக் கொஞ்சம் உயரம். நான்கு நாளும் எனக்கு அதுதான்.

வாடகைக் கடையில் முதல் கேள்வி, "ரெகுலரா கூஃபியா?" கூஃபி என்றால் ஏதோ கோமாளித்தனம் என்று நினைத்து, அவசரமாக "ரெகுலர்" என்றேன். இடது கால் முன்னால் வைத்து நிற்பவன் ரெகுலர், வலது கால் முன்னால் வைப்பவன் கூஃபி, அவ்வளவுதான். கடைக்காரர் நம்பவில்லை. பேசிக்கொண்டே இருந்தவர் பின்னாலிருந்து சட்டென்று ஒரு தள்ளு தள்ளினார். தடுமாறும்போது எந்தக் கால் தானாக முன்னே போகிறதோ அதுதான் முன்கால். எனக்கு இடதுதான் போனது, மானம் பிழைத்தது.

அடுத்தது பூட்ஸ். குளிருக்குப் பயந்து இரண்டு ஜோடி காலுறை போட்டிருந்தேன். அதற்குத் தகுந்தாற்போல ஒரு அளவு பெரிய பூட்ஸை எடுத்துக் கொடுத்தார்கள், நானும் வாங்கிக்கொண்டேன். அந்தப் பயணத்தில் நான் செய்த பெரிய முட்டாள்தனம் அதுதான். காலுறைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி மடிந்து ரத்த ஓட்டத்தை நிறுத்திவிட்டன, விரல்கள் மரத்துப்போயின. அதைவிட மோசம், முழங்காலை மடக்கினால் குதிகால் பூட்ஸுக்குள் மேலே எழும்பியது. குதிகால் எழும்பினால் பலகை நம் பேச்சைக் கேட்காது. காலைத் தூக்கிய பிறகுதான் அதற்குச் செய்தி போகும். ஒரே ஒரு மெல்லிய கம்பளிக் காலுறை, விரல் நுனி லேசாகத் தொடுகிற அளவில் பூட்ஸ், முழங்கால் மடக்கினாலும் எழும்பாத குதிகால். பலகையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இனி விளிம்பு. பலகையின் இரண்டு பக்கமும் எஃகுப் பட்டை ஓடுகிறது. விரல் பக்கம் இருப்பது டோ எட்ஜ், குதிகால் பக்கம் இருப்பது ஹீல் எட்ஜ். சரிவைப் பார்த்து நின்று, குதிகாலில் எடையைப் போட்டு, விரல்களைத் தூக்கினால் பலகை பனியைச் சுரண்டிக்கொண்டு மெதுவாக இறங்கும். கொத்தனார் கரண்டியால் சாந்தைச் சுரண்டுகிற அதே சத்தம். விரல்களைக் கொஞ்சம் தாழ்த்தினால் வேகம், தூக்கினால் பிரேக். முதல் நாள் முழுக்க இது மட்டும்தான். மறுநாள் இதிலேயே இடமும் வலமுமாக, வேப்பஞ்சருகு காற்றில் ஆடி ஆடி இறங்குவது போல. அதற்குப் பெயரே ஃபாலிங் லீஃப்.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் காஷ்மீர்ப் பெரியவர். ஃபெரன் என்கிற தொளதொள அங்கிக்குள் காங்கிரி நெருப்புச் சட்டியை வைத்துக்கொண்டு, எனக்குப் புரிகிற அளவு இந்தியில் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார்: மேட்டுப் பக்க விளிம்பில் நில். மேட்டைப் பார்த்து விரல் விளிம்பில் நின்றபோது நான் ஒரு நொடி மறந்து பலகையைத் தட்டையாக விட்டேன். பள்ளத்துப் பக்க விளிம்பு பனியில் குத்தியது. கண்மாய்க் கரையில் பனை மட்டையில் உட்கார்ந்து சறுக்கும்போது மட்டை கல்லில் தட்டினால் ஆள் என்ன ஆவோம்? அதேதான், ஆனால் இங்கே இரண்டு காலும் கட்டியிருக்கும். வானம் தெரிந்தது, அப்புறம் பின்மண்டை. ஹெல்மெட் இருந்ததால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இதற்கு அவர்கள் சொல்கிற பெயர் கேச்சிங் அன் எட்ஜ். பெயர் தெரிந்துகொண்டது விழுந்த பிறகு.

தேவகோட்டை டு துபாய்:

தம்பி, நீங்க மலைக்குப் போய் விழுந்தீங்க, நான் மாலுக்குள்ள விழுந்தேன். மால் ஆஃப் தி எமிரேட்ஸில் ஸ்கி துபாய் இருக்கிறது, 2005-ல் திறந்தது. வெளியே 42 டிகிரி, உள்ளே பூஜ்யத்துக்கும் கீழே. மிக நீளமான தடமே 400 மீட்டர்தான். ஆனால் எனக்கு வெள்ளிக்கிழமை விடுப்பில் பஸ் ஏறிப் போகிற தூரம். தேவகோட்டையில் சட்டை உலர்த்துகிற வெயிலைவிடக் கொடுமையான வெயிலில் கையில் கம்பளிக் கையுறையோடு பஸ் ஸ்டாப்பில் நிற்பவனை மற்றவர்கள் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது.

பனை மட்டை என்றதும் ஒன்று ஞாபகம் வந்தது. 1965 கிறிஸ்துமஸ் அன்று அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஷெர்மன் பாப்பன் என்பவர் தன் பெண் பிள்ளைகளுக்காக இரண்டு பனிச்சறுக்குக் கட்டைகளைச் சேர்த்துக் கட்டினார். அதற்கு ஸ்னர்ஃபர் என்று பெயர். ஸ்னோவும் சர்ஃபும் சேர்ந்த சொல். பின்னால் விற்பனைக்கு வந்ததில் முனையில் பிடித்துக்கொள்ளக் கயிறு இருந்தது, காலைக் கட்டுகிற பைண்டிங் கிடையாது. நம்ம மட்டை வண்டியை நின்றுகொண்டு ஓட்டினால் எப்படியோ அப்படி. அந்த விளையாட்டு 1998 நகானோவில் ஒலிம்பிக்குக்கே போய்விட்டது. நம்ம மட்டை இன்னும் கண்மாய்க் கரையில்தான் கிடக்கிறது.

நான் கற்ற ஒரே வித்தை ஆலி. குதிமேடு ஏதும் இல்லாமல் சமதளத்தில் பலகையோடு எம்புவது. எல்லோரும் செய்கிற தப்பு, இரண்டு காலையும் ஒன்றாக உதைத்துக் குதிப்பது. எடையைப் பின்காலுக்குக் கொண்டுபோய், முன்காலைத் தூக்கி, வால் பகுதியை வில்லாக வளைய விட வேண்டும். வளைந்தது நிமிரும்போது அதுவே நம்மைத் தூக்கிவிடும். மூங்கில் கழியை வளைத்து விடுவது மாதிரி. எட்டு மாதம் போய் வந்து நான் எம்பியது ஒரு சாண். அந்த ஒரு சாணுக்கு நான் போட்ட சத்தத்தில் பக்கத்துத் தடத்தில் போன அரபுக் குழந்தை நின்று கை தட்டியது.

புதுவயல்:

எனக்கு மணாலிப் பக்கம் சோலாங்கில் மணிக்கட்டு உடைந்தது. ஸ்னோபோர்டில் மணிக்கட்டு அடிபடுவது சர்வசாதாரணம் என்று கட்டுப் போட்ட டாக்டர் சொல்லித்தான் தெரியும். விழும்போது கையை ஊன்றாதீர்கள். விரல்களை மடக்கி, முன்கையில் விழுங்கள். பின்னால் விழுந்தால் புட்டத்தில் உட்கார்ந்து உருளுங்கள். மணிக்கட்டுக் காப்பு வாடகைக்குக் கேட்டால் நான் போன கடையில் சிரித்தார்கள். சொந்தமாக வாங்கிக்கொண்டு போங்கள். வலது கைக்காரன் ஆறு வாரம் இடது கையால் சோறு தின்றேன், போதும்.

பள்ளத்தூர்ப் பொண்ணு, வான்கூவரில்:

நான் கூஃபி! பிறந்ததிலிருந்தே. எந்த நல்ல காரியத்துக்குப் போனாலும் "வலது காலை எடுத்து வச்சுப் போ" என்று எங்கள் ஆயா சொல்லியே வளர்த்த உடம்பு, பனியில் மட்டும் இடதை வைக்குமா?

இங்கே என்னோடு கற்றவர்களில் பைண்டிங் கோணத்துக்கு முதலில் பழகியது நான்தான். இரண்டு பாதமும் வெளியே பார்க்கிற மாதிரி, முன்கால் பிளஸ் 15, பின்கால் மைனஸ் 15 டிகிரி என்று திருப்பி வைப்பார்கள். டக் ஸ்டான்ஸ், வாத்து நிலை. முழங்கால் மடங்கி, பாதத்தின் மேலேயே நிற்க வேண்டும், முதுகு நேர். மற்றவர்கள் தொடை நடுங்கி முனகிக்கொண்டிருந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இது அரைமண்டி! காரைக்குடியில் பரதநாட்டிய டீச்சர் குச்சியோடு நின்று எட்டு வருஷம் உட்கார வைத்த அதே அரைமண்டி. அவர் மட்டும் இங்கே இருந்தால் இந்த மலையில் பாதிப் பேரைத் திட்டியே நிமிர்த்திவிடுவார்.

எனக்கு வந்த கஷ்டம் வேறு. சேர்லிஃப்ட்டிலிருந்து இறங்குவது. பின்காலைக் கழற்றி, முன்கால் மட்டும் கட்டிய நிலையில், ஓடுகிற நாற்காலியிலிருந்து எழுந்து சறுக்க வேண்டும். அந்தக் காலி பாதத்தைப் பலகை நடுவே பைண்டிங்கை ஒட்டி அழுத்தி வைத்துவிட்டால் பிழைத்தோம். நான் வைக்காமல் தரையில் ஊன்றி, பின்னால் வந்த மூன்று பேரையும் சேர்த்துச் சாய்த்து, லிஃப்ட்டையே நிறுத்த வைத்தேன். இரண்டு முறை. அதற்கப்புறம் அந்த ஆபரேட்டர் என் ஜாக்கெட் நிறத்தைக் கண்டாலே வேகத்தைக் குறைத்துவிடுவார்.

வித்தைகளின் பெயர் கேட்டால் நான் இப்படித்தான் சொல்லிக்கொடுப்பேன். காற்றில் இருக்கும்போது பலகையைக் கையால் பிடிப்பது கிராப். எந்தக் கை, எந்த விளிம்பு, இரண்டே கேள்வி. பின்கை விரல் பக்க விளிம்பைப் பிடித்தால் இண்டி. முன்கை அதே விளிம்பைப் பிடித்தால் ம்யூட். முன்கை குதிகால் விளிம்பைப் பிடித்தால் மெலன். பின்கை குதிகால் விளிம்புக்குப் போனால் ஸ்டேல்ஃபிஷ். ம்யூட் என்ற பெயர் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. ஸ்கேட்போர்டில் அதைக் கொண்டுவந்த கிறிஸ் வெடில் காது கேளாதவர் என்பதால் ஒட்டிய பெயர் அது. 2020-ல் ஸ்கேட்போர்டு வீரர் டோனி ஹாக் முன்னின்று அதை வெடில் கிராப் என்று மாற்றச் சொன்னார், நானும் அப்படித்தான் சொல்கிறேன். ஸ்டேல்ஃபிஷ் கதை வேறு. ஸ்வீடனில் ஒரு பயிற்சி முகாமில் சாப்பிட்ட கெட்டுப்போன மீனைப் பற்றி ஹாக் எழுதி வைத்திருந்ததை, வித்தையின் பெயர் என்று யாரோ நினைத்துக் கேட்க, அதுவே நிலைத்துவிட்டது. எங்கள் அறையில் அதற்குக் கருவாட்டுப் பிடி என்று பெயர்.

சுழற்சியில் எண் எல்லாம் டிகிரி. அரைச்சுற்று 180, முழுச்சுற்று 360, மூன்று சுற்று 1080. 180-லும் 540-லும் தரை தொடும்போது பின்கால் முன்னுக்கு வந்திருக்கும், அதாவது ஸ்விட்ச். அதனால்தான் ஸ்விட்சில் ஓட்டத் தெரியாமல் 180 பழகக் கூடாது. 2018 ஒலிம்பிக்கில் ஹாஃப்பைப்பில், அதாவது பாதிக் குழாய் மாதிரி இரண்டு பக்கமும் சுவர் எழும்பிய பனிப் பள்ளத்தில், அமெரிக்க வீராங்கனை க்ளோயி கிம் 1080-ஐ அடுத்தடுத்து இரண்டு முறை இறக்கினார், அப்போது வயது 17. அந்தப் பனிச்சுவர் 22 அடி. நான் இதுவரை செய்தது ஒரே ஒரு 180, அதுவும் தற்செயலாக.

கண்டனூர்:

எனக்கு 51. சர்க்கரை இல்லை, முழங்கால் மட்டும் கொஞ்சம் பேசும். மகன் கூப்பிடுகிறான், போகலாமா?

கானாடுகாத்தான் தம்பி:

அண்ணே, டாக்டரிடம் முழங்காலைக் காட்டிவிட்டுப் போங்க. முதல் இரண்டு நாள் விழுந்து எழுவதுதான் வேலை. சறுக்குவதைவிட எழுவதில்தான் முழங்கால் பேசும். புட்டத்துக்குப் பஞ்சு வைத்த அரைக்கால் சட்டை கிடைக்கிறது, வெட்கப்படாமல் உள்ளே போட்டுக்கோங்க.

பள்ளத்தூர் ஆச்சி சொன்ன அரைமண்டியை இன்று காலையே வளவில் நின்று பார்த்தேன். தொடை எரிகிறது.

ஊருக்கு வந்ததும் பழைய பலகை ஒன்று வாங்கினேன். ஆத்தங்குடிக் கல் பதித்த பட்டாலையில் வைத்தால் இரண்டு நுனியும் தரையைத் தொடுகின்றன, நடுவில் என் சுண்டுவிரல் நுழைகிறது. இதுதான் கேம்பர். மேலே ஏறி நின்றால் அந்த இடைவெளி அமுங்கி, விளிம்பு முழுக்கத் தரையைப் பிடிக்கும். இதற்கு எதிர்மாறாக நடு தொட்டு நுனிகள் உயர்ந்து நிற்பது ராக்கர், விளிம்பு அவ்வளவு சுலபத்தில் குத்தாது. நான் வாங்கியிருக்க வேண்டியது அது. விற்றவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சீசன் முடிந்து வைக்கும்போது அடிப்பக்கம் மெழுகு உருக்கித் தடவி, சுரண்டாமல் அப்படியே விட வேண்டும். அடிப்பரப்பு வறளாது, எஃகு விளிம்பையும் சேர்த்து மூடினால் ஐப்பசி மழை ஈரத்தில் துருப்பிடிக்காது. மெழுகை உருக்க அப்பத்தாவின் இஸ்திரிப் பெட்டியை எடுத்தேன். துடைத்துத்தான் வைத்தேன். மறுநாள் அவர்களுடைய கண்டாங்கிச் சேலையில், அரக்குக் கட்டத்தின் நடுவே, உள்ளங்கை அகலத்துக்கு மெழுகு. மூன்று நாள் என்னோடு பேசவில்லை. புதுப் பெட்டி வாங்கிக் கொடுத்த பிறகு, பழையதை என் பக்கம் தள்ளிவிட்டார்கள்.

பழகுவதற்குப் பிவிசி குழாய்மேல் ஒரு பலகையைப் போட்டு ஆடிப் பார்க்கிறேன். ஆத்தங்குடிக் கல்லில் குழாய் வழுக்கி, பலகை பறந்து போய்த் தூணில் மோதியது. கீழே கிடக்கிற என்னைத் தாண்டிப் போய் அப்பத்தா தூணைத் தடவிப் பார்த்தார்கள். "பர்மாத் தேக்குடா. ஒன்னும் ஆகல." இப்போது அடியில் கோணிச் சாக்கு விரித்திருக்கிறேன், குழாய் ஓடுவதில்லை.

அடுத்த பிப்ரவரியில் திரும்பவும் குல்மார்க். யாராவது சேர்ந்து வருவதானால் தீபாவளிக்குள் சொல்லுங்கள், டிக்கெட் போட வேண்டும். காலுறை ஒரு ஜோடி போதும்.