மூன்றாம் அத்தியாயத்தில் நின்றுபோகும் புத்தகங்கள்: விடுமுறை வாசிப்பு அனுபவங்கள்

செந்தூல், கோலாலம்பூர்

நான்காம், ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் விடுமுறைக்கு எடுத்துப்போய்ப் பாதியில் திருப்பித் தரும் மாயச் சாகச நாவல்களைப் புரட்டிப் பாருங்கள். பக்கக்குறி பெரும்பாலும் முதல் 50 பக்கத்துக்குள்தான் செருகியிருக்கும். கதை பிடிக்கவில்லை என்று அர்த்தமில்லை, பிள்ளை இன்னும் கதைக்குள் போகவே இல்லை. அதனால் புத்தகம் வாங்கும்போது மாய உலகத்தின் கதவு எந்த அத்தியாயத்தில் திறக்கிறது என்று முதலில் பாருங்கள். 1950இல் வந்த நார்னியா கதையான 'தி லயன், தி விட்ச் அண்ட் தி வார்ட்ரோப்'பில் முதல் அத்தியாயத்திலேயே லூசி என்ற சிறுமி துணி அலமாரிக்குள் புகுந்துவிடுகிறாள். ஹாரி பாட்டர் முதல் பாகத்தில் மாயப் பள்ளிக்கு ரயில் ஏறவே ஆறாம் அத்தியாயம் ஆகிறது.

அத்தியாய எண்ணிக்கையை நம்பவேண்டாம். இந்த இரண்டுக்கும் 17 அத்தியாயங்கள்தான், ஆனால் ஹாரி பாட்டர் ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளம். நார்னியாவை வாய்விட்டு வாசித்தால் ஓர் அத்தியாயத்துக்கு 15 முதல் 20 நிமிடம் போதும். ஆண்டிறுதி விடுமுறையில் மழை பிடித்துக்கொள்ளும் சாயங்காலங்களுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும்.

அந்த அலமாரிக் காட்சியில் ஓர் இடம் உண்டு. லூசியின் காலடியில் ஏதோ நொறுங்குகிறது, அந்துருண்டை என்று நினைத்துக் குனிந்து தொடுகிறாள். கைக்குத் தட்டுப்படுவது பொடிப்பொடியாக, சில்லென்று இருக்கும் பனி. பாட்டி வீட்டு அலமாரியைத் திறந்த பிள்ளைக்கு அந்துருண்டை தெரியும். பனிதான் தெரியாது. அய்ஸ் கச்சாங் கடையில் துருவிப் போடும் ஐஸை ஞாபகப்படுத்தினால் போதும், உடனே பிடித்துக்கொள்வார்கள். விளக்கம் அதற்குமேல் நீண்டால் காட்சி கலைந்துவிடும்.

ஜார்ஜ்டவுன், பினாங்கு

செந்தூல் அக்கா சொன்னதோடு இன்னொன்றையும் சேர்க்கவேண்டும்: பெயர்கள். 1937இல் வந்த 'தி ஹாபிட்' முதல் அத்தியாயத்தில் 13 குள்ளர்கள் ஒரே வீட்டுக்கு விருந்துக்கு வருகிறார்கள். பிள்ளைகள் திணறுவது அங்கேதான். 13 பெயரையும் மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள். வருகிற வரிசையிலேயே அவர்கள் கூட்டம் கூட்டமாகப் பிரிந்திருக்கிறார்கள். முதலில் ட்வாலின் தனியாக, அடுத்து பாலின் தனியாக, பிறகு கிலி, ஃபிலி சேர்ந்து. அதன்பின் டோரி, நோரி, ஓரி, ஓயின், க்ளோயின் ஐவர். கடைசியில் பிஃபுர், போஃபுர், பொம்புர், தோரின் நால்வர். டோரி, நோரி, ஓரி எதுகையில் ஓடுகிறது, பிஃபுர், போஃபுர், பொம்புர் மோனைபோல் ஒலிக்கிறது. நம் பிள்ளைகளின் காதுக்கு இது பழகிய சங்கதி. தடித்த அட்டையில் இந்த ஐந்து வரியையும் தமிழில் எழுதிப் பக்கக்குறியாக வைத்துவிடுங்கள். கதை நெடுகிலும் அதிகம் வேண்டியிருப்பது தோரின், பாலின், பொம்புர், கிலி, ஃபிலி ஆகிய ஐவர்தான். இவர்கள் பெயரை மட்டும் அடிக்கோடிடலாம்.

ஐந்தாம் அத்தியாயத்தில், கதாநாயகன் பில்போவுக்கும் கொல்லும் என்ற பிராணிக்கும் இருட்டுக் குகையில் விடுகதைப் போட்டி. இதை ஒரே மூச்சில் வாசித்துத் தள்ளுவது பெரிய நஷ்டம். ஒவ்வொரு விடுகதைக்கும் நிறுத்தி, விடை வருகிற பக்கத்தைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். பற்களுக்கான விடுகதையில் 30 வெள்ளைக் குதிரை என்று வருகிறது. நம்மிடம் அதே பற்கள் 32 சிப்பாய்களாக நாக்கு ராஜாவைச் சுற்றி நிற்கின்றன. முட்டைக்கும் நம்மிடம் விடுகதை உண்டு, ஒரே கிண்ணத்தில் இரண்டு எண்ணெய். இதையெல்லாம் இடையில் போட்டால் பிள்ளை போட்டியைப் பார்த்துக்கொண்டிருக்காது, போட்டியில் இறங்கிவிடும்.

வரைபடம் பற்றியும் சொல்லவேண்டும். 'தி ஹாபிட்' முன்பக்கத்தில், குள்ளர்கள் தேடிப்போகும் மலையின் வரைபடத்தில் மேல்பக்கம் கிழக்கு, வடக்கு அல்ல. தெரியாமல் பார்த்தால் பயணமே திசை மாறிவிடும். பென்சிலால் ஓர் அம்புக்குறி போட்டுக்கொண்டால் தீர்ந்தது.

பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்

தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கில நாவல் கொடுக்கும்போது ஒரு பக்கத்தைத் திறந்து, தெரியாத சொல்லுக்கு ஒரு விரல் மடக்கச் சொல்லுங்கள். ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அந்தப் புத்தகம் தனியாக வாசிக்க இன்னும் காலம் ஆகவில்லை. அதற்காக ஒதுக்கிவைக்கவேண்டாம், கூட உட்கார்ந்து வாசித்துக் காட்டினால் அதே புத்தகம் ஓடும்.

வாசித்துக் காட்டும்போது அடிக்கடி நடக்கும் தவறு, வரிக்கு வரி தமிழில் சொல்வது. அரக்கன் கதவை உடைக்கும் நேரத்தில் 'இதற்கு என்ன அர்த்தம்' என்று நின்றால் விறுவிறுப்பு போய்விடும். ஒரு காட்சியை முழுக்க ஆங்கிலத்தில் வாசித்துமுடித்து, பிறகு நடந்ததைத் தமிழில் பிள்ளையைச் சொல்லச் சொல்லுங்கள். எங்கே விட்டுப்போனது என்று அதிலேயே தெரிந்துவிடும். அந்தப் பகுதியை மட்டும் திரும்ப வாசித்தால் போதும்.

ஜார்ஜ்டவுன், பினாங்கு

வாங்குவது பற்றி. சௌராஸ்தா சந்தையின் மாடியில் பழைய புத்தகக் கடைகள் உண்டு, இந்த வகை நாவல்கள் அங்கே தட்டுப்படும். அட்டையைப் பார்த்து வாங்காமல் பதிப்புரிமைப் பக்கத்தைத் திருப்புங்கள். 'அப்ரிட்ஜ்ட்' அல்லது 'ரீடோல்ட் பை' என்று இருந்தால் அது சுருக்கம். சாகசம் இருக்கும், விடுகதைகளும் பாட்டுகளும் வெட்டுப்பட்டிருக்கலாம். வரைபடத்தாளை யாராவது கிழித்து எடுத்திருக்கிறார்களா, கடைசி அத்தியாயம் முழுதாக இருக்கிறதா என்றும் பாருங்கள். முதுகை லேசாக வளைத்தால் பசை நொறுங்கும் சத்தம் கேட்டால் வைத்துவிடுங்கள், பிள்ளையின் கையில் இரண்டு நாளில் தாள் தாளாக வந்துவிடும்.

நம் ஊர் ஈரக்காற்றில் பழைய தாளுக்குள் இராமபாணப் பூச்சி இருக்க வாய்ப்பு அதிகம். வாங்கிவந்ததும் மற்ற புத்தகங்களோடு அடுக்காதீர்கள். காற்றுப் போகாத பிளாஸ்டிக் பையில் போட்டு, ஃப்ரீசரில் ஒரு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்கவே கூடாது. குளிர்ந்த தாளில் காற்றின் ஈரம் நீர்த்துளியாகப் படிந்துவிடும், அதிலேயே பூஞ்சை பிடிக்கும். ஒரு நாள் அப்படியே விட்டு, பை அறையின் சூட்டுக்கு வந்தபின் திறந்து, விசிறிக் காற்றில் நிமிர்த்தி வையுங்கள். வெயிலில் காயவைத்தால் தாள் பழுத்துவிடும்.