பழைய ஹாலிவுட், தொலைக்காட்சி நடிகர்கள் ரசிகர் மாநாடுகளில் மேசை போட்டு அமர்ந்தது ஏன்?

கருப்புவெள்ளை எழுதியது:

வணக்கம். 1950களிலும் 60களிலும் அமெரிக்கத் தொலைக்காட்சியில் புகழ்பெற்றிருந்த நடிகர்களின் பிற்கால வாழ்க்கையைப் பற்றி அண்மைக் காலமாகப் படித்துவருகிறேன். ஏறக்குறைய ஒவ்வொருவர் கதையிலும் ஒரு கட்டத்தில் ஒரே காட்சி வந்துவிடுகிறது. ஏதோ ஒரு விடுதியின் கூடத்தில் நீண்ட மேசை, அதன்மேல் அவருடைய இளமைக்காலப் புகைப்படங்கள், எதிரே வரிசையில் ரசிகர்கள், பணம் பெற்றுக்கொண்டு கையெழுத்திடும் முதிய நடிகர். அவர் நடித்த தொடரோ பல நாடுகளில் இன்னமும் மறு ஒளிபரப்பாகிக்கொண்டிருக்கிறது. அப்படியிருக்கக் கையெழுத்துக்குக் காசு வாங்கும் நிலை அவருக்கு ஏன் வந்தது? மறு ஒளிபரப்பில் அவருக்குப் பங்கு இல்லையா? இதைத் தொழிலின் சரிவு என்று எடுத்துக்கொள்வதா, வேறொரு தொழில் என்று எடுத்துக்கொள்வதா?

இன்னொரு ஐயமும் உண்டு. கேரி கிராண்ட், பெட்டி டேவிஸ் போன்ற திரைப்பட நட்சத்திரங்கள் இப்படி மேசை போட்டு அமர்ந்ததாக நான் எங்கும் படிக்கவில்லை. அவர்கள் ரசிகர்களை எப்படிச் சந்தித்தார்கள்? விவரம் அறிந்தவர்கள் எழுதினால் மகிழ்வேன்.

மறுஒளிபரப்பு எழுதியது:

உங்கள் முதல் கேள்விக்கான விடை நடிகர் சங்கத்தின் ஒப்பந்தங்களில் இருக்கிறது. அமெரிக்கத் திரைநடிகர் சங்கம் 1950களின் தொடக்கத்திலேயே தொலைக்காட்சி மறு ஒளிபரப்புக்குப் பங்குத்தொகை பெற்றுவிட்டது என்றாலும், அது முதல் சில ஒளிபரப்புகளோடு முடிந்துவிடும் ஏற்பாடாகவே இருந்தது. தொடர் எத்தனை முறை ஒளிபரப்பானாலும் நடிகருக்குத் தொகை உண்டு என்ற விதி 1974ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில்தான் வந்தது. எனவே 1960களில் நடித்தவர்களைப் பொறுத்தவரை, தொடர் நின்ற சில ஆண்டுகளிலேயே வரவு நின்றுவிட்டது. முகம் மட்டும் நாள்தோறும் திரையில் வந்துகொண்டிருந்தது.

இதில் ஒரு முரண் இருக்கிறது. ஸ்டார் டிரெக் என்ற விண்வெளிக் கதைத் தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். என்.பி.சி. தொலைக்காட்சியில் 1966 முதல் 1969 வரை மூன்று பருவங்கள் ஓடியபோது அதற்குப் பெரிய பார்வையாளர் கூட்டம் இருந்ததில்லை; மூன்றாம் பருவமே ரசிகர்கள் கடிதம் எழுதிக் குவித்துப் போராடியபின் வந்ததுதான். தொடர் நின்றபின், உள்ளூர் நிலையங்கள் அதை விலைக்கு வாங்கி மாலை நேரங்களில் திரும்பத் திரும்ப ஒளிபரப்பியபோதுதான் ரசிகர் கூட்டம் பெருகியது. 1972 ஜனவரியில் நியூயார்க்கின் ஸ்டாட்லர் ஹில்டன் விடுதியில் ரசிகர்களே ஒரு மாநாட்டை நடத்தினார்கள். சில நூறு பேர் வந்தால் போதும் என்று எதிர்பார்த்த இடத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்து நின்றார்கள். தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரி வந்திருந்தார், எழுத்தாளர் ஐசக் அசிமோவ் வந்திருந்தார், நாசா தன் காட்சிப்பொருள்களை அனுப்பியிருந்தது. ஆனால் கிர்க்காக நடித்த வில்லியம் ஷாட்னரும் ஸ்பாக்காக நடித்த லியனார்ட் நிமாயும் அந்த மாநாட்டில் இல்லை. தங்களுக்கு ஒரு காசும் தராத மறு ஒளிபரப்புதான் தங்களைக் காணத் துடிக்கும் கூட்டத்தை உருவாக்கியிருக்கிறது என்பதை நடிகர்கள் அதன்பிறகே உணரத் தொடங்கினார்கள். தொடர் நின்ற காலத்தில், வண்டியிலேயே தங்கி ஊர் ஊராகக் கோடைக்கால நாடகங்களில் நடித்துவந்ததாக ஷாட்னரே பிற்காலத்தில் கூறியிருக்கிறார்.

பொறியாளர் ஸ்காட்டியாக நடித்த ஜேம்ஸ் டூஹனின் நிலை இன்னும் கடினமானது. எங்கே வாய்ப்புத் தேடிப் போனாலும், ஸ்காட்லாந்துக்காரர் வேடம் எதுவும் இப்போது இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுவார்களாம். அவரோ கனடாக்காரர்; அந்த உச்சரிப்பே அவர் வேடத்துக்காக வரவழைத்துக்கொண்டது! மனம் சோர்ந்திருந்த அவரிடம், இறந்த பிறகும் உங்களை ஸ்காட்டி என்றுதான் சொல்வார்கள், அந்தப் போக்கிலேயே போய்விடுங்கள் என்று அவருடைய பல் மருத்துவர் அறிவுரை கூறியதாகவும், அதை ஏற்றபின் வாழ்க்கை இனிதாகிவிட்டதாகவும் டூஹன் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அதன்பின் அவர் மாநாடுகளுக்குச் சலிப்பில்லாமல் சென்றார். ஆகவே, சரிவு மாநாட்டு மேசைக்கு முன்பே நிகழ்ந்துவிட்டது என்பதும், ஒப்பந்தம் தராமல் விட்ட கூலியை நடிகர்கள் ரசிகர்களிடமிருந்து நேரே பெற்றுக்கொண்ட இடம்தான் அந்த மேசை என்பதும் என் கருத்து.

வெள்ளித்திரை எழுதியது:

மேலே எழுதியவர் பணத்தைப் பற்றிச் சொன்னவை சரிதான். எனினும் எல்லாவற்றையும் பணத்தில் அடக்கிவிட முடியாது என்று நினைக்கிறேன். கேள்வி கேட்டவரின் இரண்டாம் ஐயத்தை எடுத்துக்கொண்டால் இது விளங்கும்.

திரைப்பட நட்சத்திரங்களுக்கு மேசை கிடையாது, மேடை உண்டு. 1973இல் நியூயார்க்கின் டவுன் ஹால் அரங்கில், பழம்பெரும் நடிகைகளின் படக்காட்சிகளைத் திரையிட்டு, அதன்பின் அவர்களையே மேடைக்கு அழைத்து ரசிகர்களின் கேள்விகளுக்கு விடையளிக்கச் செய்யும் நிகழ்ச்சிகள் நடந்தன. பெட்டி டேவிஸ், ஜோன் கிராஃபர்ட், மிர்னா லாய் ஆகியோர் அதில் பங்கேற்றார்கள். டேவிஸ் அதே வடிவிலான நிகழ்ச்சியோடு பல ஊர்களுக்குச் சென்றார். கேரி கிராண்ட் 1966ஆம் ஆண்டுடன் நடிப்பை விட்டவர். 1980களில், பெருநகரங்களை விடுத்துச் சிறிய ஊர்களின் அரங்குகளில் ரசிகர்களோடு உரையாடும் நிகழ்ச்சியை நடத்தினார். 1986 நவம்பர் 29 அன்று அயோவா மாநிலத்தின் டேவன்போர்ட் நகரில், ஆட்லர் அரங்கில் அன்றிரவு நடக்கவிருந்த நிகழ்ச்சிக்கான ஒத்திகையின்போதுதான் உடல்நலம் குன்றினார். அன்றிரவே, 82ஆம் வயதில், காலமானார். அவருக்குப் பணத் தேவை எதுவும் இருக்கவில்லை. 1990களில் கிரகரி பெக்கும் இத்தகைய மேடை உரையாடல்களை நடத்தினார். ஜோன் கிராஃபர்ட் ரசிகர் கடிதங்களுக்குக் கடைசிக் காலம்வரை விடை எழுதிக்கொண்டிருந்தவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆனால் திரைப்படத்திலும் மேசைக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள். 1939இல் வெளியான ஓஸ் மந்திரவாதி படத்தில் மஞ்ச்கின்கள் என்ற கற்பனைக் குள்ள மக்களாக நடித்த நூற்றுக்கும் மேற்பட்ட குள்ள உருவக் கலைஞர்களின் தனிப்பெயர்கள் படத்தில் இடம்பெறவில்லை. பெரும்பாலானோரின் குரலும் வேறொருவருடையது. வாரத்துக்கு 50 டாலர் ஊதியம் பெற்றதாகவும், டோட்டோவாக நடித்த நாய்க்கு அதைவிட அதிகம் கொடுக்கப்பட்டதாகவும் அவர்களுள் ஒருவரான ஜெர்ரி மாரென் சொல்வதுண்டு. 1956இல் தொடங்கிய தொலைக்காட்சி ஒளிபரப்புகள் அந்தப் படத்தை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தன. 1960ஆம் ஆண்டு நடிகர்கள் நடத்திய வேலைநிறுத்தத்தின் முடிவில், அதற்கு முந்தைய படங்களுக்கான பங்குத்தொகையைச் சங்கம் விட்டுக்கொடுத்து, ஓய்வூதிய, மருத்துவ நிதிக்கென 22.5 லட்சம் டாலரை ஒரே தவணையாகப் பெற்றுக்கொண்டது. மிக்கி ரூனி போன்ற பழைய நடிகர்கள் அந்த உடன்பாட்டைக் கடைசிவரை மன்னிக்கவில்லை. மஞ்ச்கின் கலைஞர்கள் முதுமையில் இந்தியானாவின் செஸ்டர்டன், அந்தப் படத்தின் நாயகி ஜூடி கார்லண்ட் பிறந்த மின்னசோட்டாவின் கிராண்ட் ராபிட்ஸ் முதலிய ஊர்களில் நடந்த விழாக்களுக்குச் சென்று, படம் எடுத்து அரை நூற்றாண்டுக்குப் பிறகு, முதன்முறையாகத் தங்கள் பெயராலேயே அறியப்பட்டார்கள். அவர்கள் எங்கிருந்து சரிந்தார்கள் என்று சொல்வது? அவர்களுக்கு அதுவே முதல் ஏற்றம்.

கருப்புவெள்ளை எழுதியது:

இருவருக்கும் நன்றி. சரிவு என்ற சொல்லை நான் அவசரப்பட்டுப் போட்டுவிட்டேனோ என்று தோன்றுகிறது. ஆயினும் கையெழுத்துக்குக் கட்டணம் வாங்குவது எனக்கு இன்னும் நெருடலாகவே இருக்கிறது. தவிர, வேடம் நிறுவனத்துக்குச் சொந்தமானது என்றால், அந்த வேடத்தின் பெயரால் ரசிகர்களைச் சந்திக்க நடிகருக்கு உரிமை உண்டா?

மேசையோரம் எழுதியது:

கட்டணத்தைப் பற்றி நான் எழுதுகிறேன். அமெரிக்காவில் இத்தகைய நிகழ்வுகளில் உதவியாளராக வேலை செய்திருக்கிறேன்.

வருவதற்கு இவ்வளவு என்று ஒரு குறைந்தபட்சத் தொகைக்கு அமைப்பாளர் பொறுப்பேற்பார். நம் திரைத்துறையினர் மினிமம் கேரண்டி என்பார்களே, அதேதான். மேசையில் சேரும் பணம் அந்த அளவைத் தொடாவிட்டால் மீதியை அவர் கொடுக்கவேண்டும், தாண்டினால் மிகுதி நடிகருக்கு. பெயர் பெற்றவர்களுக்கு இந்த ஏற்பாடு. சிறிய வேடங்களில் நடித்தவர்களுக்குப் பல இடங்களில் இலவச மேசையும் தங்குமிடமும் மட்டுமே கிடைக்கும். விற்ற படம்தான் வரவு.

ஒரு மூத்த நடிகைக்கு உதவியாக அமர்ந்திருந்தபோது கண்டதைச் சொல்கிறேன். வரிசையில் நிற்பவர்களின் பெயரை நான் முன்கூட்டியே கேட்டு, ஒட்டுத்தாளில் பெரிய எழுத்தில் எழுதி, அவர்கள் தெரிவுசெய்த படத்தின்மேல் ஒட்டி நகர்த்தவேண்டும். எழுத்துப்பிழை வந்தால் ஒரு படம் வீண். கருத்த பின்னணி என்றால் வெள்ளிநிறப் பேனா, வெளிறிய பின்னணி என்றால் நீலம். வெள்ளி மை உலரச் சிறிது நேரம் பிடிக்கும் என்பதால் படத்தை உடனே கொடுக்கக்கூடாது. அந்த அம்மையார் அந்த இடைவெளியைத்தான் பேச்சுக்குப் பயன்படுத்திக்கொண்டார். மை உலரும்வரை எதிரே நிற்பவர் சொல்வதைக் கேட்பார். பெரும்பாலானோர் சொல்வது ஒரே கதை: பள்ளி விட்டு வந்து தொடரைப் பார்த்தது, கூடவே பார்த்த தாயோ தந்தையோ இப்போது இல்லாதது. நாள் முழுவதும் அதே கதையை முதன்முறை கேட்பவர்போல் கேட்டுக்கொண்டிருப்பதற்கு என்ன பெயர் என்று யோசித்துப் பார்த்தேன். நடிப்பு என்றும் சொல்லலாம், அன்பு என்றும் சொல்லலாம், அவரைப் பொறுத்தவரை இரண்டும் வேறுவேறாக இருந்ததாகத் தெரியவில்லை.

கட்டணத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. இலவசமாகக் கையெழுத்திட்டால் வரிசையில் முதலில் நிற்பவர்கள் வணிகர்களாகத்தான் இருப்பார்கள். இருபது படங்களைக் கொண்டுவந்து நீட்டி, பெயர் எழுதவேண்டாம், கையெழுத்து மட்டும் போதும் என்பார்கள். இன்னாருக்கு என்று பெயர் எழுதிய படம் மறுவிற்பனையில் விலை குறைந்துவிடும் என்பதே காரணம். அதனால்தான் சில நடிகர்கள், பெயர் எழுதாமல் கையெழுத்திட மாட்டேன் என்று பிடிவாதமாக இருக்கிறார்கள்.

மறுஒளிபரப்பு எழுதியது:

வேடத்தின் மீதான உரிமை பற்றிக் கேட்டீர்கள். அதற்கு, லோன் ரேஞ்சர் என்ற தொலைக்காட்சித் தொடரில் அப்பெயருள்ள முகமூடி வீரனாக நடித்த கிளேட்டன் மூரின் வழக்கைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. 1949இல் தொடங்கிய அந்தத் தொடரில், இடையில் ஒரு பருவம் தவிர, 1957 வரை அவரே நாயகன். தொடர் முடிந்தபின் வேறு வேடங்களைத் தேடி அலையாமல், வெள்ளைத் தொப்பியும் கறுப்பு முகமூடியுமாகக் கண்காட்சிகளுக்கும் குழந்தைகள் மருத்துவமனைகளுக்கும் கடைத் திறப்பு விழாக்களுக்கும் சென்று வந்தார். மொத்தத்தில் தொடரில் நடித்த காலத்தைவிட ரசிகர்களைச் சந்தித்த காலமே நீண்டது. பாத்திரத்தின் உரிமையாளர்கள் வேறொரு நடிகரை வைத்துப் புதிய படம் எடுக்க முடிவுசெய்து, மூர் இனிப் பொது நிகழ்ச்சிகளில் முகமூடி அணியக்கூடாது என்று 1979இல் நீதிமன்ற ஆணை பெற்றார்கள். மூர் எதிர்வழக்குத் தொடுத்தார். அதுவரை என்ன செய்தார் தெரியுமா? முகமூடியின் அளவுக்குக் கண்களைச் சுற்றி மறைக்கும் பெரிய கறுப்புக் கண்ணாடி ஒன்றை அணிந்துகொண்டு முன்போலவே விழாக்களுக்குச் சென்றார். ரசிகர்கள் முழுக்க அவர் பக்கம் நின்றார்கள். 1981இல் வெளிவந்த புதிய படம் படுதோல்வி அடைந்தது. 1984இல் முகமூடி அவருக்குத் திரும்பக் கிடைத்தது. ஹாலிவுட் நடைபாதையில் அவருக்குப் பதித்த நட்சத்திரத்தில் அவர் பெயரோடு லோன் ரேஞ்சர் என்ற பெயரும் இருக்கிறது. ஆகச் சட்டப்படி வேடம் நிறுவனத்துடையதுதான். ஆனால் அந்தச் சட்டத்தைக் கையில் எடுத்த நிறுவனத்துக்கு என்ன கிடைத்தது என்பதையும் பார்த்துக்கொள்ளவேண்டும்.

வேறொரு தொழிலா என்ற கேள்விக்கு நிச்செல் நிக்கல்ஸ் நினைவுக்கு வருகிறார். ஸ்டார் டிரெக்கில் உஹுராவாக நடித்த கறுப்பின நடிகையான அவர், மாநாடு ஒன்றில் நாசா விஞ்ஞானி யெஸ்கோ ஃபான் புட்காமரின் உரையைக் கேட்டார். விண்வெளித் திட்டத்தில் தம்மைப் போன்றவர்கள் ஏன் இல்லை என்ற கேள்வி அங்கிருந்து வளர்ந்து, 1977இல் பெண்களையும் சிறுபான்மையினரையும் விண்வெளி வீரர் தேர்வுக்கு விண்ணப்பிக்கத் தூண்டும் பணியை நாசாவே அவருடைய நிறுவனத்திடம் ஒப்படைக்கும் அளவுக்குச் சென்றது. அடுத்த ஆண்டு தேர்வான 35 பேரில் ஆறு பேர் பெண்கள்; பின்னாளில் விண்வெளிக்குச் சென்ற முதல் அமெரிக்கப் பெண்ணான சாலி ரைடும், விண்வெளிக்குச் சென்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கரான கையன் புளூஃபர்டும் அந்த அணியில் இருந்தார்கள். எந்தப் படத்தயாரிப்பாளரும் அவருக்கு இப்படி ஒரு வேலையைக் கொடுத்திருக்கமாட்டார்.