வீட்டுப் பாட்டுக்கும் கூட்டத்து மைக்குக்கும் ஒரே சின்ன ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்): எதை வாங்கலாம்?

வணக்கம் நண்பர்களே. வீட்டில் 8 ஓம் புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஒரு ஜோடி. அதே ஆம்ப் எப்போதாவது தெருக் கூட்டத்தில் நான்கு ஹார்ன் (கூம்பு) ஸ்பீக்கர்களையும் ஓட்ட வேண்டும். நான்கும் 100 வோல்ட் லைன் (நீண்ட ஒயரில் இழப்பு குறைய ஒலியை அதிக வோல்ட்டில் அனுப்பும் முறை) டிரான்ஸ்ஃபார்மர் உள்ளவை, ஒவ்வொன்றும் 15 வாட் டேப்பில் (பவரைத் தேர்ந்தெடுக்கும் முனை), 60 மீட்டர் தள்ளி. பட்ஜெட் 12,000 ரூபாய்.

டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றிவிட்டு நேரடியாகக் கொடுக்கச் சொல்லாதீர்கள். 1.5 சதுர மி.மீ. செம்பு ஒயர் போக வர 120 மீட்டருக்குச் சுமார் 1.4 ஓம். நான்கு 8 ஓம் ஹார்னைப் பேரலலாகப் போட்டால் 2 ஓம். பவரில் 40 சதவீதம் ஒயரிலேயே போய்விடும், பல ஆம்ப்கள் 2 ஓமைத் தாங்கவும் தாங்காது. 100 வோல்ட் லைனில் 60 வாட் லோடு 167 ஓம். இழப்பு ஒரு சதவீதம்கூட இல்லை.

மோனோ பிஏ ஆம்ப் (கூட்டங்களுக்கான ஒற்றைச் சேனல் ஆம்ப்) வாங்கினால் மைக் இன்புட், 100 வோல்ட் டெர்மினல், 12 வோல்ட் பேட்டரி இணைப்பு எல்லாம் கிடைக்கும். ஆனால் வீட்டில் ஸ்டீரியோ போச்சு.

இன்னொரு வழி, டிபிஏ3116 சிப் உள்ள கிளாஸ் டி (ஸ்விட்சிங் வகை) ஸ்டீரியோ ஆம்ப்: 24 வோல்ட்டில் 8 ஓமுக்குச் சேனலுக்குச் சுமார் 30 வாட். மைக்குக்குத் தனி மிக்ஸர் வேண்டும். பிரிட்ஜ் அவுட்புட் (மைனஸ் முனையிலும் சிக்னல் இருக்கும்) என்பதால் இரு சேனலின் மைனஸையும் சேர்க்கக் கூடாது. சேனலுக்கு இரண்டு ஹார்ன், நடுவில் ஆம்ப் வோல்ட்டை 100-க்கு உயர்த்த 1:6.5 ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர். லோ கட் (தாழ்ந்த ஒலியை வெட்டும் ஃபில்டர்) போடாமல் பேஸ் போனால் டிரான்ஸ்ஃபார்மர் கோர் சாச்சுரேட் ஆகி (காந்தம் ஏற்கும் அளவு நிரம்பி) ஆம்ப் ப்ரொடெக்‌ஷனில் நின்றுவிடும். 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் போதுமா?

அந்த டிரான்ஸ்ஃபார்மர் 30 வாட்டில் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ரெடியாகக் கிடைக்குமா, சுற்றித்தான் வாங்க வேண்டுமா? இந்த விலையில் இரண்டு சேனலுக்கும் 100 வோல்ட் உள்ள சின்ன ஆம்ப் தெரிந்தால் மாடல் சொல்லுங்கள்.