மாம்பழ ஆந்த்ரக்னோஸுக்கு ஆர்என்ஏ தெளிப்பு கேட்குமா?

மாந்தோப்பு:
கிருஷ்ணகிரி பக்கம் எங்களுக்கு மாந்தோப்பு, பெரும்பாலும் பெங்களூரா. ஆந்த்ரக்னோஸ் என்ற பூஞ்சை நோய்தான் தொல்லை. பூ விடும்போது பனியும் தூறலும் சேர்ந்தால் பூங்கொத்து கருகிப் போகிறது. அதைவிட வயிற்றெரிச்சல், பறிக்கும்போது பளிச்சென்று இருக்கும் காய் பழுக்கப் போட்டதும் கரும்புள்ளி விழுந்து பரவுவதுதான். கார்பன்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லியை அடித்துக்கொண்டே இருக்கிறோம். மருந்தே இல்லாமல் ஆர்என்ஏவைத் தெளித்துப் பூஞ்சையின் மரபணுவை அடக்கலாம், மரத்தில் மரபணு மாற்றம் எதுவும் வேண்டாம், அமெரிக்காவில் அனுமதியே கொடுத்துவிட்டார்கள் என்று படித்தேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், எங்களுக்கு இது ஆகுமா?

பயிர்நோயியல் மாணவி:
அண்ணா, நேரடியாகச் சொல்கிறேன், உங்கள் நோய்க்கு இன்றைக்கு ஆகாது. ஏன் என்பதுதான் முக்கியம்.

செடியும் பூஞ்சையும் சிறு ஆர்என்ஏக்களை ஒன்றின் மேல் ஒன்று ஏவிக்கொள்கின்றன. இருபது சொச்சம் எழுத்து நீளமுள்ள துண்டுகள் அவை. தமக்குப் பொருந்தும் மரபணுவின் செய்தியைப் புரதமாக விடாமல் தடுத்துவிடும். தக்காளி, திராட்சையில் சாம்பல் பூசணம் உண்டாக்கும் போட்ரைடிஸ், தன் துண்டுகளைச் செடியின் செல்லுக்குள் அனுப்பி, சிறு ஆர்என்ஏவைப் பிடித்துக்கொண்டு மரபணுவின் செய்தியைத் தடுக்கும் செடியின் ஆர்கோனாட் புரதத்திலேயே அவற்றை ஏற்றி, செடியின் எதிர்ப்பு மரபணுக்களை அடக்குகிறது என்று 2013ல் கலிஃபோர்னியா ரிவர்சைடில் ஹைலிங் ஜின் குழு காட்டியது. செடியும் சும்மா இருப்பதில்லை. பருத்தி தன் மைக்ரோஆர்என்ஏக்களில் (செடி தானே தயாரிக்கும் சிறு ஆர்என்ஏ வகை) 159, 166 என்ற இரண்டையும் வாடல் நோய்ப் பூஞ்சைக்குள் அனுப்பி அதன் வீரியத்தைக் குறைக்கிறது (2016). செடி இவற்றை நுண்பைகளில் பொதிந்து அனுப்புவது 2018ல் தெரியவந்தது.

இதே வழியில் நாமே ஆர்என்ஏ அனுப்பினால் என்ன என்பதுதான் தெளிப்பு. போட்ரைடிஸ் தன் துண்டுகளை வெட்டித் தயாரிக்கப் பயன்படுத்தும் டைசர் மரபணுக்களைக் குறிவைத்து இரட்டை இழை ஆர்என்ஏ தெளித்தபோது பழம், காய்கறி, ரோஜா இதழ் எல்லாவற்றிலும் பூசணம் நன்றாகக் குறைந்தது. ஆனால் இதற்குப் பூஞ்சை அந்த ஆர்என்ஏவை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். 2021ல் ஒளிரும் சாயம் ஏற்றிய ஆர்என்ஏவைப் பல பூஞ்சைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். போட்ரைடிஸும், நெல்லில் இலையுறை கருகல் உண்டாக்கும் ரைசோக்டோனியாவும் வேகமாக உள்ளிழுத்தன. உங்கள் மாம்பழத்தைக் கெடுக்கும் கொலெட்டோட்ரைகம் கிளியோஸ்போரியாய்ட்ஸ் உள்ளிழுக்கவே இல்லை!

நெல் ஆய்வு:
மேலே சொன்னது சரி. கோதுமை இலையில் வரும் சைமோசெப்டோரியாவும் இப்படித்தான் உள்ளே விடாது. மக்காச்சோளக் கரிப்பூட்டைப் பூஞ்சைக்கோ ஆர்என்ஏவை வைத்து மரபணுவை அடக்கும் அமைப்பே கிடையாது, உள்ளே போனாலும் பயனில்லை. அதனால் 'எல்லாப் பூஞ்சைக்கும் ஆர்என்ஏ' என்று யாராவது விற்க வந்தால், எந்தப் பூஞ்சையில் சோதித்தீர்கள் என்று முதலில் கேளுங்கள். நீங்கள் படித்த அனுமதி 2023 கடைசியில் உருளைக்கிழங்கு வண்டுக்குக் கொடுத்தது, பூஞ்சைக்கு அல்ல.

எனக்கு நம்பிக்கை தருவது பயிரின் சொந்த மைக்ரோஆர்என்ஏதான். நெல்லில் 160ஏ, 398பி இரண்டையும் கூட்டினால் குலை நோய்க்கு எதிர்ப்பு கூடுகிறது, 169ஐக் கூட்டினால் நோய் அதிகமாகிறது. எதை ஏற்ற வேண்டும், எதை இறக்க வேண்டும் என்று தெரிந்தால் ரகம் உருவாக்குபவருக்கு அது பெரிய பிடி.

மாந்தோப்பு:
நன்றிங்க, இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை. அப்போ ரைசோக்டோனியா மாதிரி உள்ளிழுக்கும் பூஞ்சைக்காவது வயலில் அடித்தால் மழைக்கு நிற்குமா?

பயிர்நோயியல் மாணவி:
வெறும் ஆர்என்ஏ இலையில் சில நாள்தான் தாங்கும். குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் அதை நுண்ணிய களிமண் தகடுகளில் ஏற்றித் தெளித்தார்கள், வைரஸுக்கு எதிராக 20 நாள் வரை பாதுகாப்பு கிடைத்தது. பிறகு தக்காளியில் போட்ரைடிஸுக்கும் அதே முறை வேலை செய்தது.

உங்களுக்கு இப்போதைக்கு, அறுவடை முடிந்ததும் காய்ந்த குச்சிகளை வெட்டி எரித்துவிடுங்கள், பூஞ்சை அதில்தான் தங்குகிறது. பறித்த காயை 52 டிகிரி சுடுநீரில் சுமார் 10 நிமிடம் முக்கி ஆறவிடுங்கள். வெப்பமானி வைத்தே செய்யுங்கள் அண்ணா, சூடு கூடினால் தோல் வெந்துவிடும்.