மீட்புக் கயிறு முதலில் தண்ணீரைத் தொட வேண்டுமா?

கடலோடி: "ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் கட்டிய மீட்புப் பட்டை இறங்கியதும் எட்டிப் பிடியுங்கள், தயங்கினால் உயிர் போகும்" என்று கடலில் விழுந்த விமானிகளுக்கு வான்மகன் நேற்று இங்கே வழங்கிய அறிவுரையைப் படித்து எரிச்சல்தான் வந்தது. ஹெலிகாப்டரின் சுழலிகள் காற்றோடும் நீர்த்திவலைகளோடும் உராய்வதால் அதன் உடலில் நிலைமின்னூட்டம் சேர்கிறது. எஃகுக் கயிற்றின் முனை கடல்நீரைத் தொட்டு அதை இறக்கிவிடும் முன் கை வைப்பவரை அந்த அதிர்ச்சி உதறிப் போட்டுவிடும். முதலில் தண்ணீர், பிறகுதான் கை.

வான்மகன்: மின்சாரப் பாடத்துக்கு நன்றி. சுரீரென்று ஒரு வலி, அவ்வளவுதான். குளிர்ந்த நீரில் விரல்கள் மரத்துக்கொண்டிருப்பவருக்கு, கைக்கு எட்டிய பட்டையை விட்டால் அது மறுபடி எட்டுமா என்பதே கவலை. பயிற்சிக் குளத்தில் கண்ணைக் கட்டி, ஹெலிகாப்டர் போன்ற கூண்டோடு தலைகீழாகக் கவிழ்த்தபோதும் நீந்தி வெளியே வந்தவன் நான். ஏட்டுச் சுரைக்காயை என்னிடம் நீட்ட வேண்டாம்.

கடலோடி: எஞ்சினும் பல்சக்கரப் பெட்டியும் உச்சியில் இருப்பதால் நீரில் இறங்கும் ஹெலிகாப்டர் எளிதில் கவிழ்ந்துவிடும், கொச்சியிலுள்ள கடற்படை விமானத் தளமான ஐஎன்எஸ் கருடாவில் குளத்தில் அப்படிக் கவிழ்த்துப் பழக்குவது அதற்காகத்தான். ஆனால் கூண்டை இறக்குவது பாரந்தூக்கி. பாரந்தூக்கியில் மின்னூட்டம் சேராது என்பதையாவது குளத்து வீரர் ஒப்புக்கொள்வார் என நம்புகிறேன்.

யாழ்மைந்தன்: உலங்கு வானூர்தி என்ற அழகான சொல் இருக்க, இருவரும் ஏன் ஹெலிகாப்டரைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள்?

கடலோடி: எப்பெயரிட்டு அழைத்தாலும் கயிறு முதலில் தண்ணீரைத் தொட வேண்டும்.

முத்துக்குளிப்பவன்: போர் விமானிக்குக் கயிற்றைவிடப் பெரிய ஆபத்து பாராசூட். அதைக் கழற்றாமல் மிதப்பவரின் தலைக்கு மேல் சேத்தக் ஹெலிகாப்டர் வந்து நின்றால், கீழ்நோக்கி அறையும் காற்றில் துணி மீண்டும் விரிந்து ஆளை இழுத்துச் செல்லக்கூடும். ஒற்றையாள் தெப்பமும் புரளலாம். அதைப் பற்றி இருவரும் ஒரு வரி எழுதவில்லை.

கடலோடி: கழற்றட்டும், நல்லது. கழற்றிய பிறகு எதிரே வருவது கயிறுதானே? அலை தாழ்ந்து அது நீரைவிட்டு எழும்பினால் மின்னூட்டம் மறுபடி சேரும். இரண்டாம் முறையும் நனையும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

வான்மகன்: மூன்றாம் முறை, நான்காம் முறை என்று பொறுத்திருந்தால் கயிறு நன்றாக நனையும், ஆள்தான் இருக்க மாட்டார். சென்ற மாதம் மிதவை அங்கியை விமானத்துக்குள்ளேயே ஊதிக்கொள்ளலாம் என்று எழுதி, கூரையோடு ஒட்டிக்கொண்டு வாசலுக்கு வர முடியாமல் சாக வழி சொன்னவர் தாங்கள்தானே?

கடலோடி: "வாசலைக் கடந்த பின்" என்று எழுதியிருக்கிறேன். பழைய பதிவைப் படித்துவிட்டு வாருங்கள்.

வான்மகன்: பிறகு திருத்திய பதிவைப் படித்து என்ன பயன்? திருத்துவதற்கு முந்தைய படம் என்னிடம் இருக்கிறது. இன்றிரவு இங்கே இடுகிறேன்.

கடலோடி: தாராளமாக இடுங்கள். அதில் கயிறும் தண்ணீரும் இருந்தால் மட்டும் பதில் சொல்கிறேன்.